தொடாத துணை

மதுரைக்காரர்களுக்கு எல்லாம் உண்டு. கடல் ஒன்றுதான் கிடையாது. கோயில் உண்டு, சங்கம் வளர்த்த பெருமை உண்டு, மல்லிகைப்பூ உண்டு, நடுநிசியிலும் சுடச்சுட இட்லி உண்டு. வைகை என்று ஓர் ஆறும் உண்டு. ஆனால் அது மற்ற ஆறுகளைப் போல் அவசரமாக ஓடிச் சமுத்திரத்தில் விழுவதில்லை. வழியெல்லாம் கண்மாய்களில் தங்கி, கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை என்ற ஊரின் அருகே கடலுக்குக் காணிக்கை செலுத்துகிறது. அந்தக் கடலின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ஆகவே, கடலில்லாத ஊர்க்காரனுக்குக் கடற்கதை எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். எங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் அதிலே கலந்திருக்கிறது.

நான் கே.கே. நகர்வாசி. எனக்கு அருகில் உள்ள பெரிய நீர்ப்பரப்பு வண்டியூர்க் கண்மாய். தண்ணீர் உள்ள மாதங்களில் அதன் கரையில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்க்கலாம். ஜிலேபிக் கெண்டை ஒன்று மனம் வைத்துத் தக்கையை அசைப்பதற்கு எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஆகும். இந்த மனிதர்களிடம் நான் கவனித்தது ஒன்று உண்டு. தூண்டில் பிடிப்பவர் தனியாக வருவது அபூர்வம். பக்கத்தில் ஒரு சிநேகிதர் இருப்பார். அவருக்குத் தூண்டிலும் கிடையாது, மீனும் கிடையாது. டீ வாங்கி வருவார், தக்கையைப் பார்ப்பார், சும்மா இருப்பார். நண்பரின் தூண்டிலை மட்டும் தொடமாட்டார்.

மேல்நாட்டார் இந்தத் தூண்டில் தவத்தை ஒரு கலையாகவே செய்துவிட்டார்கள். மண்புழுவுக்குப் பதிலாக, இறகையும் நூலையும் கொண்டு ஈ போலவே கட்டிய பொய்யீயை முள்ளில் சேர்த்து, ஓடும் நீரின் மேல் சாட்டையைப் போல வீசுகிறார்கள். இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று வீசுவதைப் பந்தயமாகவும் நடத்துகிறார்கள். கரையில் சிநேகிதர்கள் நின்று உற்சாகப்படுத்துகிறார்கள். இந்தப் பொய்யீக்கு ஏமாறும் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர வேண்டுமென்று பிரான்சிஸ் டே என்ற டாக்டர் 1860-களிலேயே பாடுபட்டார். அவருக்குப் பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், உதகைக்கு அப்பாலுள்ள அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்து, அந்த மீனை நீலகிரி ஓடைகளில் குடியேற்றினார்கள். ஆனாலும் அது மலையில் குளிரோடு நின்றுவிட்ட விளையாட்டு. சமவெளிக்கு இறங்கவில்லை.

நம்மவர்கள் நீரில் செய்த தவம் வேறு. அதில் தூண்டில் இல்லை; மனிதனே தூண்டில், மனிதனே மீன். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர்களைச் சொல்கிறேன். அவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கண்மாய்க் கரையின் அந்தச் சும்மா இருக்கும் சிநேகிதர் என் நினைவுக்கு வருகிறார். நீந்தியவருடைய பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் படகில் வந்தவர் எங்கே?

முதலில் கடலைப் பற்றி இரண்டு வார்த்தை. 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரை இந்த நீரிணை சுமந்துகொண்டிருக்கிறது. பாதிரியாராகக் கப்பலேறி வந்து, கவர்னராக உயர்ந்தவர் அவர். இராமன் அணை கட்டிய கடல் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு துரையின் பெயர் படத்தில் ஏறிவிட்டது. ஆழம் அதிகமில்லாத கடல் இது. அதனால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. பருவக்காற்று மாறும்போது நீரோட்டமும் திசை மாறும். வடகிழக்குப் பருவம் ஓய்ந்து தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் உள்ள மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் இது சற்றே சாந்தமாக இருக்கிறது. இதை நீந்தியவர்களின் பட்டியலைப் பார்த்தால், திரும்பத் திரும்ப அந்த இரண்டு மாதங்களே கண்ணில் படுகின்றன. கடல் கதவைத் திறக்கும் காலம் அது என்று கடலோரத்துக்காரர்களுக்குத் தெரியும்.

1954-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தக் கதவு திறந்திருந்த சமயத்தில், யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி என்பவர் வல்வெட்டித்துறையில் நீரில் இறங்கினார். அவர் போக வேண்டிய கரை கோடிக்கரை. நேர்கோட்டில் போனாலே 50 கிலோமீட்டருக்கு மேல். சுமார் 27 மணி நேரம் நீந்தி அவர் கரை சேர்ந்தார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

வாசகர்கள் அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' அப்போதும் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் ஏற்றிச் சென்ற பூங்குழலியைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்திருந்தது. கதையில் அவள் துடுப்புப் போட்டாள். அவளுடைய பெயர் நிலைத்துவிட்டது. சரித்திரத்திலோ அதே கடலில், எதிர்த்திசையில், ஒரு மனிதர் 27 மணி நேரம் நீந்தினார். அவருடைய பெயர் நிலைத்தது. துடுப்புப் போட்டவர்களின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? படகோட்டிக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் சரித்திர ஆசிரியனைவிட நாவலாசிரியன் தாராளமானவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது சந்தோஷம்தான்.

வல்வெட்டித்துறை சாமானியமான ஊரல்ல. அந்த ஊர்த் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, அவ்வூர் மாலுமிகளே அதைச் செலுத்திக்கொண்டு சமுத்திரங்களைத் தாண்டி 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அட்லாண்டிக்கையே பாய்விரித்துக் கடந்தவர்களுக்குக் கோடிக்கரை அடுத்த தெரு மாதிரி. அப்படிப்பட்டவர்கள் கூட வருகிறார்கள் என்ற தைரியத்தோடு ஒருவர் நீரில் குதிக்கலாம்.

கூட வருகிறவர்களின் வேலை என்ன? நீந்துகிறவனின் தலை தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. அவனுக்குக் கரை தெரியாது; அடுத்த அலைதான் தெரியும். திசையைப் படகு பார்க்க வேண்டும். நீரோட்டம் இழுக்கும் பக்கத்தைக் கணக்குப் பண்ணி, போக வேண்டிய இடத்துக்குச் சற்று மேலாகப் படகைச் செலுத்த வேண்டும். இரவில் விளக்குக் காட்ட வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை குடிக்கக் கொடுக்க வேண்டும். அதையும் நீண்ட கழியிலோ கயிற்றிலோ கட்டித்தான் நீட்ட வேண்டும். சொறி என்று மீனவர்கள் சொல்லும் ஜெல்லி மீன் கூட்டம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கம் கண்ணைக் கட்டும்போது பேச்சுக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்யலாம். ஒன்று மட்டும் செய்யக் கூடாது. தொடக் கூடாது. விரல் நுனி பட்டாலும், நீந்தியவன் படகின் விளிம்பை ஒரு கணம் பிடித்தாலும், அத்தனை மணி நேரமும் வீண். நெடுங்கடல் நீச்சலில் உலகமெங்கும் மதிக்கப்படும் விதி இது.

இந்த விதி பிறந்து வளர்ந்தது ஆங்கிலக் கால்வாயில். 1875-ஆம் ஆண்டு ஆகஸ்டில் காப்டன் மாத்யூ வெப் என்பவர், உடம்பெல்லாம் கடற்பன்றி எண்ணெய் பூசிக்கொண்டு, டோவரில் குதித்து 21 மணி 45 நிமிஷத்தில் கலே கரையை அடைந்தார். கால்வாயின் அகலம் 33 கிலோமீட்டர்தான். ஆனால் நீரோட்டம் அவரை அங்குமிங்கும் அலைக்கழித்ததால் ஏறக்குறைய 64 கிலோமீட்டர் நீந்தினார். பிரெஞ்சுக் கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பல மணி நேரம் கிட்டே சேரவில்லை. சொறி மீன் தீண்டியபோது படகிலிருந்து பிராந்தி கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருந்ததுதான் அவர்கள் செய்த பேருபகாரம்.

தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1925-ல் கெர்ட்ரூட் எடர்லி என்ற அமெரிக்கப் பெண் அதே கால்வாயில் நீந்தினாள். பாதிக் கடலுக்கு மேல் வந்த பிறகு, அவள் தத்தளிக்கிறாள் என்று எண்ணிய பயிற்சியாளர், இன்னொரு நீச்சல்காரரைக் கொண்டு அவளைப் பிடிக்கச் செய்தார். கைபட்டதும் முயற்சி செல்லாது என்றாகிவிட்டது. நான் தத்தளிக்கவில்லை, சற்று இளைப்பாறினேன் என்று அவள் பிற்பாடு வாதாடினாள். யார் சொன்னது சரி என்று இன்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு, 1926 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, வேறு பயிற்சியாளருடன் வந்தாள். தந்தையும் தமக்கையும் படகில் இருந்தார்கள். கடல் அன்று மிகவும் மோசம். படகில் இருந்தவர்களுக்கே பயம் பிடித்துவிட்டது. ஆயினும் யாரும் அவளைத் தொடவில்லை. பதினான்கரை மணி நேரத்தில் கரையேறினாள். அதுவரை அந்தக் கால்வாயைக் கடந்த ஆண்களில் மிக விரைவானவரைவிடவும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு. கால்வாயைக் கடந்த முதல் பெண் அவள்தான்.

தந்தை என்ற ஸ்தானத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். மகள் அலையில் மறைந்து மறைந்து எழுகிறாள். எட்டிக் கை நீட்டினால் தலைமயிர் அகப்படும். நீட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நீந்துவதற்குத் தசைவலு வேண்டும். இதற்கு என்ன வலு வேண்டும்?

நம்முடைய பழைய கதை ஒன்றிலும் இது வருகிறது. இதே கடலைத் தாண்ட வேண்டி வானர வீரர்கள் கரையில் நின்றபோது, அனுமனுக்குத் தன் பலம் தனக்கே மறந்திருந்தது. ஜாம்பவான் அதை எடுத்துச் சொன்னார். அவர் செய்தது அவ்வளவுதான். கூடத் தாவவில்லை, தோள் கொடுக்கவில்லை. நடுக்கடலில் மைநாக மலை எழுந்து, சற்று இளைப்பாறிப் போ என்று அன்போடு கூப்பிட்டது. வால்மீகி சொல்கிறபடி, அனுமன் அதைக் கையால் தொட்டு மரியாதை செய்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார். இந்தக் காலத்துக் கால்வாய்ச் சங்கத்தார் இருந்திருந்தால் தொட்டது குற்றம் என்று சொல்லியிருப்பார்கள்! நல்ல வேளை, அவர் நீந்தவில்லை, பறந்தார். கரையில் நின்று பலத்தை நினைவூட்டுகிற ஜாம்பவானும், நடுவில் எழுந்து ஓய்வைக் காட்டி ஆசை மூட்டுகிற மைநாகமும், ஒவ்வொரு துணைப் படகிலும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள்.

1966-ல் மிஹிர் சென் வந்தார். வங்காளத்து வக்கீல். 1958-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர். ஒரே ஆண்டில் உலகின் பல நீரிணைகளைக் கடப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டு, அதைப் பாக் நீரிணையில் தொடங்கினார். ஏப்ரல் 5-ஆம் தேதி தலைமன்னாரில் இறங்கி, 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி, 6-ஆம் தேதி தனுஷ்கோடியில் ஏறினார். அவருக்குத் துணையாக வந்தவை இந்தியக் கடற்படையின் 'சுகன்யா', 'சாரதா' என்ற கப்பல்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமாக் கால்வாய் ஆகியவற்றையும் நீந்திவிட்டார்.

அவர் கரையேறிய தனுஷ்கோடியை நினைத்தால் மனம் கனக்கிறது. பதினைந்து மாதங்களுக்கு முன், 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, புயலும் கடலும் சேர்ந்து அந்த ஊரை விழுங்கிவிட்டன. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளோடு அலையில் போய்விட்டது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. கைநீட்ட ஒருவரும் இல்லாமல் அத்தனை பேரைக் கொண்டுபோன அதே கடலிலிருந்து, ஒரு மனிதர், எல்லாரும் பார்த்திருக்க, தம் காலால் நடந்து வெளியே வந்தார். இடிந்த சுவர்கள் அதற்குச் சாட்சி.

1971-ல் வல்வெட்டித்துறை மறுபடியும் பேர் வாங்கியது. அவ்வூர்க்காரரான வி. எஸ். குமார் ஆனந்தன் பாக் நீரிணையில் இந்தியக் கரைக்கு நீந்திப் போய், அங்கிருந்து திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணி நேரம். இரண்டு பகலும் இரண்டு இரவும் கடந்து மூன்று மணி. நீந்தியவருக்குத் தூக்கமில்லை என்று வியக்கிறோம். படகில் இருந்தவர்கள் மட்டும் மெத்தையில் படுத்துத் தூங்கினார்களா? சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நிலைநீச்சலில் நின்றவரும் இந்த ஆனந்தன்தான். ஒற்றைக் காலில் நின்றும், சைக்கிளில் சுற்றியும் அவர் படைத்த சாதனைகள் பல. கடைசியாக ஆங்கிலக் கால்வாய்க்குப் போனார். அந்த முயற்சியிலேயே 1984 ஆகஸ்ட் 6-ஆம் தேதி உயிர்நீத்தார். வயது 41. ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எடர்லி வெற்றியோடு கரையேறிய அதே கால்வாய், அதே தேதி.

இங்கே என் பேனா சற்று நிற்கிறது. தொடாமல் இருப்பது பெருமை என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். எப்போது தொட வேண்டும் என்பதையும் அந்தத் துணைவன்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால், நண்பனின் ஆயுட்கால ஆசை பாழ். ஒரு நிமிஷம் பிந்தினால் நண்பனே இல்லை. இதற்கு எந்தப் புத்தகத்திலும் கணக்குக் கிடையாது. கையின் வீச்சை, மூச்சின் சத்தத்தை, கேட்ட கேள்விக்குப் பதில் வர ஆகும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பல வருஷம் பழகியவர்களுக்குத்தான் அது தெரியும். சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு போவது கைதட்டுவதற்காக அல்லவென்று இப்போது விளங்குகிறதல்லவா? கடலில் இறங்குகிறவன் தன் உயிரைக் கழற்றிப் படகில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறான்.

1994-ல் குற்றாலீஸ்வரன் என்ற பன்னிரண்டு வயதுத் தமிழ்ப் பையன் பாக் நீரிணையைக் கடந்தான். அந்த ஆண்டே ஆறு நீரிணைகளைக் கடந்து, ஓராண்டில் ஐந்து என்ற மிஹிர் சென்னின் கணக்கைத் தாண்டினான். 2004-ல் வங்காளத்துப் பூலா சௌத்ரி இந்தக் கடலை நீந்தினார். 2022 மார்ச்சில் ஜியா ராய் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி சொச்சத்தில் வந்து சேர்ந்தாள். ஆட்டிசம் என்ற நிலையோடு பிறந்த குழந்தை அவள். இலங்கைக் கடற்படை எல்லை வரை அவளுக்குக் காவலாக வந்தது. அங்கிருந்து இந்தியத் தரப்பு ஏற்றுக்கொண்டது.

எல்லை என்று சொன்னேன். 1954-ல் நவரத்தினசாமி நீந்தியபோது இந்தக் கடலில் அப்படி ஒரு கோடு போடப்பட்டிருக்கவில்லை. 1974-ல் இரு சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்து கோடு போட்டன. 1983-க்குப் பிறகு யுத்த காலம். வல்வெட்டித்துறைக்கும் கோடிக்கரைக்கும் நடுவே படகு என்றாலே சந்தேகம், சந்தேகம் என்றாலே துப்பாக்கி என்று ஆயிற்று. யுத்தம் 2009-ல் முடிந்தது, கோடு முடியவில்லை. அதைத் தாண்டினார்கள் என்று இராமேசுவரத்து மீனவர்களும் பிறரும் பிடிபடுகிறார்கள், படகைப் பறிகொடுக்கிறார்கள். இந்தப் பக்கத்து வலை தங்கள் கடலை வாரிக்கொண்டு போகிறது என்று யாழ்ப்பாணத்து மீனவர்கள் வருந்துகிறார்கள். இரண்டு பக்கத்துக் கஷ்டமும் உண்மையானது.

இப்படிப்பட்ட கடலில், ஒரு சிறுமி நீந்தி வருகிறாள் என்றதும், இரு நாட்டுக் காவல் கப்பல்களும் கோட்டின் இருபுறமும் வந்து நின்று, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்து, அவளைத் தொடாமல் பாதுகாத்துக் கரை சேர்த்தார்கள். கோட்டைக் கடந்ததற்காக ஒருவரை மறிக்கும் அதே கப்பல்கள், கோட்டைக் கடக்க இன்னொருவருக்கு வழித்துணையாக வருகின்றன. இதை முரண்பாடு என்று சொல்லி வருத்தப்படலாம். எனக்கு என்னவோ அதில் நம்பிக்கை கொள்ளவே தோன்றுகிறது. வழித்துணை போகத் தெரிந்தவர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள். வேறு சந்தர்ப்பங்களிலும் அது அவர்களுக்கு மறந்துவிடாது.

சாதனைப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு தேதி, இத்தனை மணி, இத்தனை நிமிஷம் என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும் என்பது என் விண்ணப்பம். படகைச் செலுத்தியவர், கஞ்சி நீட்டியவர், விளக்குப் பிடித்தவர், கை துடித்தும் தொடாமல் இருந்தவர் என்று அதில் எழுத வேண்டும். 1954-ன் அந்த இரவில் யாழ்ப்பாணத்துப் பேச்சில், "இன்னும் கொஞ்சத் தூரந்தான் அண்ணை!" என்று இருட்டிலே எவராவது கூவியிருப்பார். கரை இன்னும் எத்தனையோ மைல் தள்ளி இருந்திருக்கும். அந்தப் பொய்யைச் சொன்ன புண்ணியவானுக்கும் அந்தப் பத்தியில் ஒரு வரி உண்டு.